பள்ளத்தூர் வீட்டுக் கணினி: விண்டோஸ் 11-க்கு மாறிய ஒரு நிகழ்வு ஆய்வு

பள்ளத்தூரில் ஒரு வீட்டுக் கணினியை விண்டோஸ் 10-இலிருந்து விண்டோஸ் 11-க்கு மாற்றும் வேலையை 2025 தீபாவளி விடுமுறையில் தொடங்கினோம். ஒரு மாலைக்குள் முடிந்துவிடும் என்று எல்லோரும் எண்ணிய அந்த வேலையில், கார்த்திகை தீபத்துக்கு மூன்று வாரம் கழித்து வரும் பிள்ளையார் நோன்பு கழிந்த பிறகும் ஒரு மூலையில் பாக்கி இருக்கிறது. இடையில் அந்தக் கணினி மூன்று முறை எங்களைக் கைவிட்டது. ஒருமுறை தன் வட்டையே காணவில்லை என்றது. ஒருமுறை பல ஆண்டுக் கணக்கைப் படிக்க முடியாத கிறுக்கலாகக் காட்டியது. ஒருமுறை 48 இலக்கங்கள் கொண்ட எண்ணைக் கேட்டுவிட்டு அசையாமல் நின்றது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ஆனால் கணினிக்கு உரியவருக்குத் தெரியாமல் வேறொருவர் எடுத்த ஒரு முடிவு மூன்றின் அடியிலும் கிடந்தது. அதைத்தான் இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன். அப்படி முடிவெடுத்தவர்களில் நானும் ஒருவன்.

நான் காரைக்குடியில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பராமரித்துவருகிறேன். ஆய்வகத்தில் இருபது, முப்பது கணினிகளை ஒரே நாளில் புதிய இயங்குதளத்துக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே எந்தக் கணினியிலும் யாருடைய வாழ்க்கையும் இருப்பதில்லை. வீட்டுக் கணினி அப்படியல்ல என்பது எனக்குத் தெரிந்த செய்திதான். தெரிந்திருந்தும் ஆய்வகத்துக் கையோடுதான் அந்த வீட்டுக்குள் போனேன்.

கணினியும் அதற்கு உரியவரும்

வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டில் ஓர் அறையில் இருக்கும் அந்தக் கணினியைப் பயன்படுத்துபவர் எழுபது வயதைக் கடந்த ஓர் ஆச்சி. கணவர் காலமான பிறகு பங்காளிகள் வீட்டின் பொதுக் கணக்கை அவர்தான் எழுதிவருகிறார். அந்த வீடு ஒன்பது பங்குக்கு உரியது. ஓடு மாற்றுவது, வெள்ளையடிப்பது, காவலுக்கு இருப்பவரின் சம்பளம், மின்கட்டணம் எல்லாம் பங்குக்கு இவ்வளவு என்று பிரிக்கப்பட்டு, கார்த்திகையை ஒட்டிப் பங்காளிகள் ஊருக்கு வரும்போது அச்சிட்ட தாளாக ஆளுக்கு ஒன்று கையில் கொடுக்கப்படும். 2001 முதல் 2016 வரை அந்தக் கணக்கை ஆச்சியின் கணவர் எழுதினார். அந்த ஊரில் எல்லோரையும் போல நானும் அவரை ஐயா என்றே குறிப்பிடுகிறேன். அதற்குப் பிந்தைய கணக்கு ஆச்சியுடையது. இவை தவிர மொய்ப் பட்டியல்கள், பேத்தி கல்யாணத்துச் சாமான் பட்டியல், ஐயா எழுதிய வீட்டு வரலாறு, சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு பேசும் காணொளி அழைப்பு ஆகியவையும் அந்த ஒரு கணினியில்தான்.

கணினி 2019-இல் உள்ளூர்க் கடை ஒன்றில் உதிரிகளைச் சேர்த்துக் கட்டியது. இன்டெல் கோர் ஐ3-8100 செயலி, 8 ஜிபி நினைவகம், 1 டிபி சுழல்வட்டு, விண்டோஸ் 10. ஆச்சியின் வேலைக்கு இது போதும், இன்றும் போதும். ஆனால் 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. ஆதரவு நின்றதால் கணினி நின்றுவிடாது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு அடைப்பு வராது, அவ்வளவுதான். திரையில் வந்த அறிவிப்பைப் படித்த ஆச்சி, அந்தத் தேதிக்குப் பிறகு கணக்கைத் திறக்கவே முடியாதோ என்று அஞ்சினார். அந்த அச்சத்தைப் பொறுமையாகப் போக்க நாங்கள் யாரும் முயலவில்லை; மாறாக, எல்லோருமாகச் சேர்ந்து அவசரப்பட்டோம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மட்டும் நீட்டித்துத் தரும் ஏற்பாடு ஒன்று அப்போதே இருந்தது. 30 டாலர் கட்டியோ, கணினியின் அமைப்புகளை இணையக் கணக்கில் காப்பாகச் சேமிக்கச் சம்மதித்துக் கட்டணமின்றியோ அப்போது அதில் சேர முடிந்தது. அதில் சேர்த்துவிட்டு, ஓராண்டு அவகாசத்தில் நிதானமாக இந்த மாற்றத்தைச் செய்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திராது. அந்த யோசனையை முன்வைத்திருக்க வேண்டியவன் நான்தான்.

வட்டைக் காணவில்லை

முதலில் வந்து பார்த்த கடைக்காரர், "இந்த மெஷினுக்கு பதினொன்னு ஏறாது, புதுசுதான் வாங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். தகுதி சோதிக்கும் மென்பொருள் காட்டிய இரண்டு சிவப்புக் குறிகள்தான் அந்த முடிவுக்கு ஆதாரம்: டிபிஎம் 2.0 இல்லை, செக்யூர் பூட் (துவங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் காவல்) இல்லை. ஆனால் விண்டோஸ் 11 கேட்பது 8-ஆம் தலைமுறை இன்டெல் செயலியிலிருந்து; ஐ3-8100 அந்தத் தலைமுறையைச் சேர்ந்தது. டிபிஎம் என்பது மறைகுறிகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் ஒரு சிறிய பெட்டகம். இந்தத் தலைமுறை இன்டெல் கணினிகளில் அது பிடிடி என்ற பெயரில் உள்ளேயே இருக்கிறது. பல தாய்ப்பலகைகளில் அது அணைக்கப்பட்ட நிலையிலேயே விற்பனைக்கு வந்தது. இல்லாததும் அணைந்திருப்பதும் அந்தச் சோதனைத் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும்.

தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து வந்திருந்த பேரன் இதைச் சரியாகவே கண்டுபிடித்தான். விண்டோஸுக்கு முன்பே கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸில் நுழைந்து பிடிடியை இயக்கினான். பழைய முறைத் துவக்கத்தை அணைத்து யூஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறைக்கு மாற்றினான். மறுபடி இயக்கியபோது, துவங்குவதற்கான வட்டு இல்லை என்ற ஒற்றை வரி கறுப்புத் திரையில் வந்து நின்றது. வட்டு செத்துவிட்டது என்று வீடே எண்ணிக்கொண்டது. விடுமுறை முடிந்து அவன் ஊர் திரும்பிய மறுநாள் ஆச்சி எனக்குத் தொலைபேசினார்.

வட்டு அன்று சாகவில்லை. 2019-இல் கடையில் விண்டோஸை நிறுவியவர், வட்டை எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்திருந்தார். யூஇஎஃப்ஐ முறையில் துவங்கும் விண்டோஸுக்கு ஜிபிடி என்ற புதிய முறையில் பிரித்த வட்டு வேண்டும். பழைய முறைத் துவக்கத்தை மறுபடி இயக்கியதும் கணினி உயிர் பெற்றது. ஆச்சிக்கு நிம்மதி வந்தது; எனக்கு ஊக்கம் வந்தது. ஒன்றையும் அழிக்காமல் எம்பிஆரை ஜிபிடியாக மாற்றும் கருவி விண்டோஸ் 10-இலேயே உண்டு என்பதால், ஒரு மணி நேர வேலை என்று கணக்குப் போட்டேன்.

அந்தக் கருவி முதல் சோதனையிலேயே மறுத்தது. எம்பிஆர் என்பது முதல் ஏட்டில் நான்கு பெயருக்கு மட்டும் இடம் விட்ட பேரேடு போன்றது. ஐந்தாவது பெயர் வேண்டுமென்றால், நான்காவது இடத்தில் 'மேற்கொண்டு உள்ளே பார்க்க' என்று எழுதி, உள்ளே தனி ஏடு திறக்க வேண்டும். இதற்கு விரிவுப் பிரிவு என்று பெயர். மாற்றும் கருவியோ மூன்றுக்கு மேற்பட்ட முதன்மைப் பிரிவுகளையும் ஏற்காது, விரிவுப் பிரிவு ஒன்று இருந்தாலும் ஏற்காது. நம் ஊர்க் கடைகளில் வட்டை சி, டி, ஈ என்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். விண்டோஸ் தனக்கென எடுத்துக்கொள்ளும் சிறு பிரிவு ஒன்று, சி ஒன்று, டி ஒன்று என மூன்று இடம் நிரம்பியபின், ஈ உள்ளேட்டுக்குப் போய்விடுகிறது. அந்த ஈ டிரைவ் தனக்கு எதற்கு என்று ஆச்சிக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. அதில் இருந்தவை மகன் அனுப்பிய புகைப்படங்களும், கடையில் யாரோ போட்டுவைத்த பக்திப் பாடல்களும் மட்டுமே.

புகைப்படங்களை வெளிவட்டுக்கு எடுத்துவிட்டு, ஈயையும் அது இருந்த விரிவுப் பிரிவையும் நீக்கி, வட்டை மாற்றி, யூஇஎஃப்ஐயில் துவக்கி, இரண்டு சிவப்புக் குறிகளும் பச்சையானதைப் பார்த்தபோது இரண்டாம் நாள் இரவு ஒன்பது மணி. விண்டோஸ் 11-இன் நிறுவல் கோப்பை அந்த வீட்டில் இறக்கவே முடியவில்லை: இணையப்பெட்டி முகப்பில் இருக்கிறது, கணினி இரண்டாங்கட்டில் இருக்கிறது, நடுவில் வளவு என்னும் உள்முற்றமும் தடித்த சுண்ணாம்புச் சுவர்களும் இருக்கின்றன. காரைக்குடியில் இறக்கிக் கொண்டுவந்தேன். அதிலும் ஒரு நாள் போயிற்று. 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஃபேட்32 முறையில் அமைந்த பென்டிரைவ் ஏற்காது என்பதை நகலெடுக்கும்போதுதான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு இருக்கும் விண்டோஸ் மீதே புதியதை ஏற்றும் முயற்சி இரண்டு முறை நடந்தது. இரண்டு முறையும் மறுதுவக்கத்துக்குப் பிறகு நெடுநேரம் சுற்றிவிட்டு, மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்துப் பழைய திரைக்கே வந்தது. அதற்குப் பிறகுதான் வட்டின் உடல்நிலையைக் காட்டும் மென்பொருளை ஓட்டினேன். படிக்க இயலாமல் மாற்று இடத்துக்குக் காத்திருக்கும் பகுதிகள் நூற்றுக்கு மேல் இருந்தன; மஞ்சள் நிற எச்சரிக்கை. இரண்டு மாலைகளைச் செலவிட்டு நான் சீர்செய்தது, ஏற்கெனவே நோயில் விழுந்திருந்த ஒரு வட்டை. பிரிவுகளை அழிப்பதும் மாற்றுவதுமாகிய வேலையை அத்தகைய வட்டில் செய்யவே கூடாது. ஆச்சியின் கணக்கு அதில் தப்பியது என் திறமையால் அல்ல. ஐந்து நிமிடம் எடுக்கும் அந்தச் சோதனையை முதல் நாள், முதல் வேலையாகச் செய்திருக்க வேண்டும்.

ஐப்பசி கடைசியில் சுழலும் பாகம் இல்லாத புதுவகை வட்டான எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் பொருத்தி, அதில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவினேன். பழைய வட்டைத் தொடாமல் கழற்றி, துணியில் சுற்றி, ஆச்சியின் அலமாரியில் வைக்கச் சொன்னேன். இந்த வரலாற்றில் நான் செய்தவற்றுள் முழுதாகச் சரியானது அந்த ஒன்றுதான்.

ரூபாய் தெரிகிறது, ஆளைத் தெரியவில்லை

புதிய நிறுவல் வேகமாக இருந்தது. நான் மிகவும் அஞ்சியிருந்த பழைய லேசர் அச்சுப்பொறி, தயாரிப்பாளர் பக்கத்திலிருந்து இயக்கியை இறக்கியதும் அரை மணியில் அச்சிட்டுவிட்டது. டி டிரைவில் இருந்த கோப்புகள் எல்லாவற்றையும், சி டிரைவில் இருந்த ஆவணங்கள், படங்கள் கோப்புறைகளையும் கொண்டுவந்து சேர்த்தேன். கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஒன்றிரண்டை மட்டும் திறந்து காட்டினேன். அவை ஆச்சி அண்மையில் யூனிகோடில், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியேற்றத்தில், எழுதியவை என்பதால் ஒழுங்காகத் திறந்தன. விடைபெற்று வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து, கார்த்திகைக் கணக்கு அச்சிடுவதற்காக ஆச்சி பழைய ஆண்டுகளைத் திறந்தபோது தொலைபேசியில் கேட்ட குரலில் கோபமில்லை, கலக்கம் இருந்தது. "அவுக எழுதுன கணக்கு தம்பி. ரூபா தெரியுது, ஆளைத் தெரியலை." போய்ப் பார்த்தபோது அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று கண்டேன். எக்செல் தாளில் வலப்புற நிரலில் தொகைகள் எல்லாம் பைசா பிசகாமல் இருந்தன. இடப்புறத்தில் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் சதுர அடைப்பும் கலந்த கிறுக்கல். பதினாறு ஆண்டுகளில் யார் எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கில் 'எவ்வளவு' மட்டும் மிஞ்சியிருந்தது.

காரணம் எளியது. ஐயா தட்டச்சு செய்தது பாமினி எழுத்துருவில். யூனிகோடு பரவுவதற்கு முன் எழுந்த அத்தகைய எழுத்துருக்களில், கணினிக்குள் தமிழ் எழுத்து என்று ஒன்று சேமிக்கப்படுவதே இல்லை. ஆங்கில எழுத்தின் எண்தான் சேமிக்கப்படுகிறது. அந்த எண்ணுக்குத் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. பாமினியில் 'தமிழ்' என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் கிடக்கிறது. எழுத்துரு இருக்கும்வரை அது தமிழ். எழுத்துரு போனால் அது ஜே, கே, பி, ஓ. கோப்பை எத்தனை கவனமாக நகலெடுத்தாலும் எழுத்துரு அதோடு வராது. அது விண்டோஸ் கோப்புறைக்குள், ஃபாண்ட்ஸ் என்ற தனி இடத்தில் இருக்கிறது. நான் கொண்டுவந்த கோப்புறைகளின் பட்டியலில் அந்த இடம் இல்லை.

பழைய வட்டை யூஎஸ்பி இணைப்பியில் மாட்டி, ஃபாண்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினியை எடுத்துப் புதியதில் நிறுவினேன். மறுபடி அந்தத் தாளைத் திறந்தபோது பெயர்கள் தத்தம் இடத்தில் வந்து அமர்ந்திருந்தன. ஆச்சி நாற்காலியில் உட்காராமல், மேசையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, 2004-ஆம் ஆண்டுத் தாளை மேலிருந்து கீழாக ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார். அவற்றில் இன்று இல்லாதவர்கள் நால்வர். படித்து முடித்துவிட்டு, "காப்பி சாப்பிட்டுப் போங்க தம்பி" என்று உள்ளே போனார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் இதே கணக்கைச் சிங்கப்பூரில் இருக்கும் மகன் கைப்பேசியில் திறந்தால் கிறுக்கல்தான் தெரியும். அடுத்த கணினி மாற்றத்தின்போது இதே கலக்கம் மறுபடி வரும். எனவே பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தோம். இம்முறை ஆச்சியிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகு. மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் எந்த இடத்தில் தமிழ் இருக்கிறது, எந்த இடத்தில் உண்மையான ஆங்கிலம் இருக்கிறது என்று அந்தக் கருவிகளுக்குத் தெரியாது. முதல் தாளை முழுதாக எடுத்து ஒரே மூச்சில் மாற்றினேன். 1,25,000 என்று இருந்த ஓட்டுச் செலவு 1இ25இ000 என்று வந்து நின்றது. பாமினியில் காற்புள்ளியின் இடத்தில் இருப்பது 'இ' என்ற எழுத்து. கருவி தன் வேலையைச் சரியாகவே செய்தது. வங்கியின் பெயர் ஆங்கிலத்தில் இருந்த இடங்களில் அதே கேடு எதிர்த்திசையில் நடந்து, ஆங்கிலம் உச்சரிக்க முடியாத தமிழாகியிருந்தது.

ஆகவே பெயர் நிரலை மட்டும் தனியே எடுத்து மாற்றி, பழைய தாளின் நகலை அப்படியே வைத்துக்கொண்டு, மாற்றிய ஒவ்வொரு தாளையும் இருவருமாக ஒப்புநோக்கினோம். முன்பு ஐயா அச்சிட்டுக் கொடுத்த தாள்களை ஆச்சி கையில் வைத்துக்கொண்டு வாசிப்பார்; நான் திரையில் பார்ப்பேன். பதினாறு ஆண்டுக் கணக்குக்கு ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. கணினி வேலை என்று இதைச் சொல்வதற்கில்லை. கணக்குப்பிள்ளைகள் பேரேட்டையும் சிட்டையையும் ஒத்துப்பார்ப்பார்களே, அந்த வேலைதான்.

எழுத்துருவில் இன்னொரு சிறிய தொல்லையும் இருந்தது. ஆச்சி யூனிகோடில் எழுதியவை லதா எழுத்துருவில் அமைந்தவை. விண்டோஸ் 10 முதலே லதா இயங்குதளத்தோடு தானாக வருவதில்லை. தமிழுக்கான துணை எழுத்துருக்கள் என்ற விருப்பச் சேர்க்கையில்தான் இருக்கிறது. அது இல்லாத இடத்தில் நிர்மலா எழுத்துரு தானே வந்து நிற்கும். படிக்கத் தடையில்லை, ஆனால் எழுத்தின் அகலம் மாறுவதால் ஒரு பக்கத்தில் அடங்கிய கணக்கு இரண்டாம் பக்கத்துக்கு வழிந்தது. அமைப்புகளில் போய் அந்தச் சேர்க்கையை இறக்கியதும் சரியானது.

நாற்பத்தெட்டு இலக்கம்

கார்த்திகை தீபம் முடிந்த அடுத்த வாரம், மாதாந்திரப் பராமரிப்புக்காக ஊரில் பகல் முழுதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாள் வந்தது. மாலையில் மின்சாரம் வந்ததும் ஆச்சி கணினியை இயக்கினார். நீலத் திரையில் மீட்புக் குறி கேட்டு நின்றது. ஆறாறு இலக்கமாக எட்டுக் கட்டங்கள். மொத்தம் 48 இலக்கங்கள். அப்படி ஒரு குறி இருப்பதே அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

இதன் வேர் நான் செய்த நிறுவலில் இருந்தது. நிறுவும்போது இணையக் கணக்கு ஒன்று கேட்டது. ஆச்சிக்கு மின்னஞ்சல் இல்லை. பேரனைத் தொலைபேசியில் அழைத்தேன். "என் அக்கவுண்டையே போட்டுருங்கண்ணே" என்றான், போட்டேன். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, இப்படி இணையக் கணக்கோடு புதிதாக நிறுவப்படும் கணினிகளில், டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் இருந்தால், வட்டு முழுவதும் தானாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. பூட்டின் சாவி டிபிஎம் பெட்டகத்தில் இருக்கும்; மாற்றுச் சாவியான 48 இலக்கம் அந்த இணையக் கணக்கில் போய்ச் சேரும். திருடு போகும் மடிக்கணினிக்கு இது நல்ல காவல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இங்கே என்ன நேர்ந்தது என்றால், பள்ளத்தூர் வீட்டுக் கணக்கின் சாவி, வீட்டில் இருப்பவர் அறியாமல், பெங்களூரில் இருப்பவரும் அறியாமல், பெங்களூரில் இருந்தது.

டிபிஎம்மில் இருந்த சாவி அன்று ஏன் கிடைக்கவில்லை? தாய்ப்பலகையில் பொத்தான் வடிவில் ஒரு மின்கலம் இருக்கும், சிஆர்2032. கணினிக்கு மின்சாரமே இல்லாத நேரத்தில் கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பது அதுதான். 2019-இல் போட்ட கலம் ஓய்ந்துபோயிருந்தது. ஆச்சி யூபிஎஸ்ஸை ஒருபோதும் அணைப்பதில்லை என்பதால் மற்ற நாள்களில் அந்தக் குறை வெளியே தெரியவில்லை. பகல் முழுதும் மின்சாரம் இல்லாமல் யூபிஎஸ்ஸும் தீர்ந்தபோது, பயாஸ் தன் தொடக்க நிலைக்குத் திரும்பியது. தொடக்க நிலையில் பிடிடி அணைந்திருக்கும். பெட்டகம் மூடிக்கொண்டது, விண்டோஸ் மாற்றுச் சாவியைக் கேட்டது.

இதற்கு முன்னறிவிப்பு இல்லாமல் இல்லை. வேலை தொடங்கிய முதல் வாரத்திலேயே, கரண்டு இல்லாத நாளுக்குப் பிறகு கணினியில் கடிகாரம் பின்னால் போய்விடுகிறது என்று ஆச்சி பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். ஓய்ந்த மின்கலத்துக்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை. என் கவனம் அப்போது வட்டில் இருந்தது, தலையாட்டிவிட்டுக் கடந்துவிட்டேன். ஒருவர் தம் பொருளைப் பற்றிச் சொல்வதில் பாதியை நாம் காதில் வாங்குவதில்லை என்பதும், அதிலும் வயதான பெண்மணி ஒருவர் கணினியைப் பற்றிச் சொன்னால் இன்னும் குறைவாகவே வாங்குகிறோம் என்பதும், அந்த நீலத் திரையின் முன் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உறைத்தது.

பேரனுக்கு இரவுப் பணி. பதினோரு மணிக்குத்தான் அழைப்பை எடுத்தான். அவன் தன் கணக்கைத் திறந்து ஆறாறு இலக்கமாகப் படிக்க, ஆச்சி கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டினார். மூன்றாம் கட்டத்தில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்ததை அவரே பிடித்தார். எண் சொல்லி எண் வாங்கும் அந்த ஒழுங்கில் அவருக்கு ஒரு தயக்கமும் இல்லை. நான் தட்டி முடித்ததும் கணினி திறந்தது. மறுநாள் மின்கலத்தை மாற்றி, பயாஸில் பிடிடியை மீண்டும் இயக்கி, ஆச்சிக்கென ஒரு மின்னஞ்சலும் இணையக் கணக்கும் உருவாக்கிக் கணினியை அதன் கீழ்க் கொண்டுவந்தேன். மறையாக்கம் இருக்கட்டுமா, வேண்டாமா என்று அவரிடம் விளக்கிக் கேட்டேன். வேண்டாம் என்றார். வீட்டுக்குப் பூட்டு இருக்கிறது, காவலுக்கு ஆள் இருக்கிறார், கணக்கோ ஒன்பது பங்குக்கும் பொது என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் கணினியைப் பொறுத்தவரை அது சரியான முடிவென்றே நினைக்கிறேன், மறையாக்கத்தை நீக்கிவிட்டேன்.

கணக்கு நோட்டில் ஒரு பக்கம்

கல்யாணச் சாமானில் கரண்டி வரை எண்ணி எழுதி, எழுதியதைத் தலைமுறைக்கும் காத்துவைக்கும் வழக்கம் உள்ள வீடு அது. அந்த வீட்டில் கணினியைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட எழுதப்பட்டிருக்கவில்லை. வட்டை யார் எப்படிப் பிரித்தார், கணக்கு எந்த எழுத்துருவில் இருக்கிறது, எந்த இணையக் கணக்கின் கீழ்க் கணினி இயங்குகிறது என்ற மூன்று வரி எங்காவது இருந்திருந்தால், நாங்கள் இழந்த நாள்களில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். இப்போது ஆச்சியின் நோட்டில் அதற்கென ஒரு பக்கம் இருக்கிறது. மின்கலம் மாற்றிய தேதி, எஸ்எஸ்டி வாங்கிய தேதி, மின்னஞ்சல் முகவரி, எழுத்துருக் கோப்புகள் இருக்கும் பென்டிரைவ் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் என்பது வரை அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். கடவுச்சொல்லை அந்தப் பக்கத்தில் எழுத வேண்டாம் என்றேன்; வேறோர் இடத்தில் எழுதி வைத்திருக்கிறார், எங்கே என்று நான் கேட்கவில்லை.

பாக்கி இருப்பது ஒரே கோப்பு: ஐயா எழுதிய வீட்டு வரலாறு, பதினொரு பக்கம். அது பாமினியில் இல்லை. கோப்புக்குள் எழுத்துருவின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரில் ஒன்றும் பழைய வட்டில் இல்லை. 2019-க்கு முன்பிருந்த கணினியோடு அது போயிருக்க வேண்டும். மாற்றும் கருவிகளில் உள்ள எந்தக் குறியேற்றத்தைப் பொருத்திப் பார்த்தாலும் பாதிக்கு மேல் பொருந்தவில்லை. நல்லவேளையாக அதன் முதல் இரண்டு பக்கங்களின் அச்சுத் தாள் ஆச்சியிடம் கிடைத்தது. ஐயா அந்த எழுத்துருவை ஏன் தேர்ந்தார் என்பது தாளைக் கண்டதும் புரிந்தது. லை, னை, ணை ஆகியவை, 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்பிருந்தபடி, துதிக்கைக் கொம்பு போட்ட வடிவில் அதில் இருந்தன. அவர் கையால் எழுதும்போதும் அப்படித்தான் எழுதுவாராம்.

ஞாயிறுதோறும் ஆச்சி அந்த இரண்டு பக்கத்தையும் எழுத்தெழுத்தாக வாசிக்க, திரையில் உள்ள எந்தக் குறி எந்தத் தமிழ் எழுத்தைக் குறிக்கிறது என்று அட்டவணை போட்டுவருகிறேன். அடிக்கடி வரும் எழுத்துகள் பிடிபட்டுவிட்டன. அந்த இரண்டு பக்கத்தில் வராத எழுத்துகளை மற்ற ஒன்பது பக்கங்களின் பொருளைக்கொண்டு ஊகிக்க வேண்டியிருக்கிறது. முழுதும் மாற்றி முடித்தால் அவர் எழுதின மாதிரியே வருமா என்று ஆச்சி சென்ற வாரம் கேட்டார். யூனிகோடில் அந்த எழுத்துகளின் குறியீடு ஒன்றுதான். பழைய கொம்பா, புதிய வடிவமா என்பது எழுத்துருவைப் பொறுத்தது. பழைய வடிவத்தைத் தரும் யூனிகோடு எழுத்துரு ஒன்றை அதற்கென எடுத்துவைத்திருக்கிறேன். அதன் பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.